வெப் டிசைன் பேப்பரில் யாரும் சொல்லாமல் விட்டவை

போன மாதம் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவர்களின் ப்ராஜெக்ட்டுகளைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். எந்த டேட்டாபேஸ் டேபிளைத் திறந்தாலும் அதே பெயர்கள்: டெஸ்ட், ஏபிசி, ரவி123. எல்லாமே ஆங்கில எழுத்தில். நான் படித்தபோது என் லேப் ரெக்கார்டிலும் இவைதான் இருந்தன. அந்தப் பழக்கத்துக்கு நான் கொடுத்த விலையை அங்கே முழுதாகச் சொல்ல நேரமில்லை. இங்கே சொல்கிறேன், கூடவே மாணவர்கள் செய்யும் வேறு சில தவறுகளையும்.

டேக்கை மூட மறப்பது, செமிகோலன் விடுபடுவது பற்றி இங்கே பேசப்போவதில்லை. பத்து நிமிடத்தில் தானே தெரிந்துவிடும்.

ஃபைல் பெயரில் கேபிடல் எழுத்து

பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் கண்டுகொள்ளாது. லினக்ஸ் சர்வரில் பெயர் பொருந்தாமல் படம் வராது. எல்லாமே சின்ன எழுத்தில் இருக்கட்டும்.

ஒரு தமிழ்ப் பெயரைக்கூடப் போட்டுப் பார்க்காதது

2014. வேலைக்குச் சேர்ந்து சில மாதம். ஒரு பள்ளியின் பழைய மாணவர் சந்திப்புக்குப் பதிவுப் பக்கம் செய்து கொடுத்தேன். பெயர், ஊர், படித்த வருடம், போன் நம்பர். அவ்வளவுதான். கல்லூரியில் பத்துத் தடவை செய்த அதே ஃபார்ம். சீனியரிடம் வாங்கி வைத்திருந்த பழைய எஸ்க்யூஎல் ஃபைலைக் கொஞ்சம் மாற்றி டேபிளை உருவாக்கினேன்.

மூன்று வாரம் பதிவுகள் வந்துகொண்டே இருந்தன. பெரும்பாலானவர்கள் தமிழில்தான் எழுதினார்கள். பதிவு செய்ததும் வரும் நன்றிப் பக்கத்தில் அவர்கள் பெயர் சரியாகவே தெரிந்தது. அந்தப் பக்கம் பெயரை ஃபார்மிலிருந்து நேராக எடுத்துக் காட்டியது, டேட்டாபேஸிலிருந்து அல்ல. அடையாள அட்டை அச்சடிக்கப் பட்டியலை எடுத்தபோதுதான் பார்த்தேன்: வரிசை வரிசையாக வெறும் கேள்விக்குறிகள்.

நடந்தது இதுதான். அந்தப் பழைய ஃபைலில் டேபிளை உருவாக்கும் கட்டளையின் கடைசி வரியில் 'லத்தீன்1' என்று இருந்தது. அன்றைய மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் இயல்பான அமைப்பே அதுதான். ஐரோப்பிய எழுத்துக்கான அந்தத் தொகுப்பில் தமிழுக்கு இடம் கிடையாது. டேட்டாபேஸ் கனெக்ஷனில், எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யூடிஎஃப்-8 என்று ஒரு வரி சேர்த்திருந்தேன், டேபிளைப் பார்க்கவில்லை. வைக்க இடமில்லாத ஒவ்வொரு குறியீட்டுக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியை எழுதிவிட்டு டேட்டாபேஸ் பேசாமல் இருந்துவிட்டது. 'முருகேசன்' ஒன்பது கேள்விக்குறி ஆனார். கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு என்பதால் ஒன்பது.

தமிழுக்குப் பதில் தலையில் கீறல் விழுந்த 'ஏ' எழுத்தும் வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்துமாக வந்தால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் பைட்டுகள் உள்ளே பத்திரமாக இருக்கும், மீட்டுவிடலாம். கேள்விக்குறி அப்படியல்ல. அங்கே மீட்பதற்கு எதுவுமே மிச்சமில்லை.

எண்கள் தப்பித்ததால் போன் நம்பர்கள் இருந்தன. நான்கு நாள் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பெயரும் ஊரும் கேட்டேன். "அதான் எழுதிக் கொடுத்தேனே தம்பி" என்றார் ஒரு பெரியவர். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

2018இல் வந்த மைஎஸ்க்யூஎல் 8.0இல் யூடிஎஃப்-8இன் முழு வடிவமான யூடிஎஃப்8எம்பி4தான் இயல்பான அமைப்பு. ஆனால் சீனியரின் ஃபைலில் லத்தீன்1 என்று எழுதியிருந்தால் புது வெர்ஷனும் அதற்குத்தான் கீழ்ப்படியும். அன்றைக்குப் பார்த்த ப்ராஜெக்ட்டுகளில் இரண்டில் அந்த வரி அப்படியே இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. மாணவர்கள் மேல் இல்லை. தமிழ்நாட்டுக் கல்லூரியில், தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு, ஒரு செமஸ்டர் முழுக்க ஒரு தமிழ்ப் பெயரைக்கூட டைப் செய்யச் சொல்லாத பாடத்தின் மேல்.

நான்கு இடத்தில் யூடிஎஃப்-8தானா என்று பாருங்கள்: ஃபைலைச் சேமித்த விதம், பக்கத்தின் மெட்டா டேக், டேட்டாபேஸ் கனெக்ஷன், டேபிளின் ஒவ்வொரு நெடுவரிசை. பிறகு உங்கள் அம்மா பெயரைத் தமிழில் பதிந்து, டேட்டாபேஸிலிருந்து திரும்ப எடுத்துப் பாருங்கள்.

எழுத்தை எண்ணுவது

'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடு. யூடிஎஃப்-8இல் பதினைந்து பைட். பிஹெச்பி மொழியில் நீளத்தை எண்ணும் ஸ்ட்ர்லென் பதினைந்து என்றுதான் சொல்லும். அதை நம்பித் தலைப்பை வெட்டினால் எழுத்து நடுவில் உடையும்.

பெயருக்குக் காவல் போடுவது

'ஏ முதல் இசட் வரை மட்டும்' என்று சரிபார்ப்பது லேபில் மார்க் வாங்கித் தரும். வெளியே அது இனிஷியலுக்குப் பின்னால் வைத்த புள்ளியைக்கூடத் திருப்பி அனுப்பும். ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் இரண்டும் கட்டாயம் என்பதும் இதே ரகம். அப்பா பெயரின் முதலெழுத்தை மட்டும் வைத்திருப்பவர் லாஸ்ட் நேமுக்கு எங்கே போவார்? பெயருக்கு ஒரே பெட்டி போதும். அவர் எழுதுவதை அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள்.

பாஸ்வேர்டை அப்படியே சேமிப்பது

2013இல் வந்த பிஹெச்பி 5.5 முதலே, பாஸ்வேர்டைத் திருப்பிப் படிக்க முடியாதபடி மாற்றித் தரும் பாஸ்வேர்ட்_ஹேஷ் உள்ளே இருக்கிறது. பயன்படுத்துங்கள்.

போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றுவது

சுருக்கிவிட்டு ஏற்றுங்கள்.