கம்பியால் தைத்த படகு: குடும்பமாகச் சேர்ந்து ஒரு மரக் கேனோ

படகு கட்டத் தச்சு வேலை கரைத்துக் குடித்திருக்க வேண்டும் என்று நினைத்தே பலர் இதைத் தொடுவதில்லை. பிளைவுட்டைத் துணி மாதிரி வெட்டி, கம்பியால் தைத்து, எபாக்ஸி என்ற, இரண்டு பொருளைக் கலந்து செய்யும் பசையால் ஒட்டும் முறையில் அந்தத் தயக்கம் தேவையில்லை. துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு படகான கேனோ ஒன்றை நாங்கள் நான்கு பேர், விடுமுறை நாட்களில் மட்டும் வேலை செய்து முடித்தோம்.

முதலில் ஏற்கெனவே பலர் கட்டிப் பார்த்த வரைபடம் ஒன்றை வாங்குங்கள். முதல் படகுக்குச் சொந்த வடிவம் வேண்டாம். தட்டையான அடிப்பலகை ஒன்று, பக்கப் பலகை இரண்டு என்று இருந்தால் போதும். தண்ணீர் தாங்கும் 6 மி.மீ. மரைன் பிளைவுட் நல்லது.

எட்டடிப் பலகை படகின் நீளத்துக்குப் போதாது. இரண்டை முட்டுக்கு முட்டு வைத்து, மூட்டின் மேல் பிளைவுட் பட்டை ஒன்றை எபாக்ஸியால் ஒட்டுங்கள். அடியில் பிளாஸ்டிக் தாள் விரிக்க மறந்தால் பலகை மேசையோடு ஒட்டிக்கொள்ளும். மறுநாள்வரை அசைக்காதீர்கள்.

வளைவு வரைய, வரைபடத்தின் புள்ளிகளில் சிறு ஆணி அடித்து, வளையக்கூடிய மெல்லிய ரீப்பரை அவற்றை ஒட்டி வளையுங்கள். ஒரு முனையில் கண்ணை வைத்துப் பார்த்தால் எங்கே துருத்துகிறது என்று தெரிந்துவிடும். பக்கப் பலகைகள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிளாம்ப் போட்டுச் சேர்த்தே வெட்டுங்கள். அப்போதுதான் அச்சு அசலாக இருக்கும்.

இனி தையல். குழந்தைகளுக்கான வேலை இதுதான். ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே, 15 செ.மீ.க்கு ஒன்றாகத் துளை. ஒருவர் உள்ளிருந்து செப்புக் கம்பியை நுழைக்க, மற்றவர் வெளியே வாங்கி முறுக்கலாம். முதலில் எல்லாவற்றையும் தளர்வாகவே விடுங்கள். நடுவில் தற்காலிகச் சட்டத்தை வைத்துப் பக்கங்களை விரித்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். தரையில் கிடந்த பலகைகள் படகாக எழுந்து நின்றபோது என் மகள் முறுக்குவதை விட்டுவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

அந்தச் சந்தோஷத்தில் உடனே பசையைக் கலக்கிவிடாதீர்கள். படகு முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் மொத்த வேலையிலும் முக்கியமானது. முன்னும் பின்னும் குறுக்காக ஒவ்வொரு நேரான சட்டம் வைத்து, தள்ளி நின்று கண்மட்டத்தில் பாருங்கள். இரண்டும் இணையாகத் தெரிய வேண்டும். எங்களுடையது ஒரு விரல்கடை சாய்ந்திருந்தது. தாங்குகட்டையின் அடியில் ஆப்பு வைத்து, கம்பிகளைத் தளர்த்தி மறுபடி இறுக்கியதில் ஒரு மாலைப்பொழுதே போனது. எபாக்ஸி இறுகிவிட்டால் அந்தச் சாய்வு படகுக்கு நிரந்தரம்; நேராகத் துடுப்புப் போட்டாலும் ஒரு பக்கமாகவே இழுக்கும்.

எபாக்ஸியைப் பெரியவர்கள் மட்டும், கையுறையோடு, காற்றோட்டமான இடத்தில் கையாளுங்கள். திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம், வந்தால் எளிதில் போகாது. டப்பாவில் சொன்ன விகிதம் கொஞ்சமும் மாறக்கூடாது. சீக்கிரம் இறுக வேண்டுமென்று கெட்டிப்படுத்தியைக் கூட்டினால் ஒழுங்காக இறுகாது. சிறு சிறு அளவாகக் கலக்குங்கள். நான் ஒரு முறை கோப்பை நிறையக் கலந்து வைத்தேன், சூடேறிப் புகைந்துவிட்டது.

மூட்டுகளுக்கு அதில் நுண்ணிய மரத்தூளைச் சேர்த்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் வழியாத பதத்துக்குக் கொண்டுவாருங்கள். முதலில் கம்பிகளுக்கு இடையில் மட்டும் வைத்து இறுகவிடுங்கள். பிறகு கம்பிகளை உருவி, மூட்டு முழுவதும் பூசி, கரண்டியின் முதுகால் வழித்துவிட்டு, மேலே ஃபைபர்கிளாஸ் பட்டையை ஒட்டுங்கள். வராத கம்பியைச் சால்டரிங் அயர்னால் சூடாக்கினால் இளகி வரும்.

வெளிப்புற விளிம்புகளைத் தேய்த்து உருட்டி, அடிப்பகுதிக்கு ஃபைபர்கிளாஸ் துணி போர்த்தி எபாக்ஸி பூசுங்கள். மேல் விளிம்புக்கு இருபுறமும் ரீப்பர், நடுவில் ஒரு குறுக்குச்சட்டம். முனைகள் இரண்டிலும் காற்றறை அமைத்து, தண்ணீர் புகாதபடி மூடிவிடுங்கள். கவிழ்ந்தாலும் படகு மிதக்கும்.

இறுகிய எபாக்ஸியின் மேல் மெழுகு போல ஒரு படலம் வரலாம். தண்ணீரால் கழுவிய பிறகே உப்புத்தாள் போடுங்கள், முகக்கவசத்தோடு. வெயில் எபாக்ஸியை அரித்துவிடும். புற ஊதாக் கதிர் தாங்கும் வார்னிஷ் மூன்று பூச்சாவது வேண்டும்.

முதல் நாள் இடுப்பளவுத் தண்ணீர் போதும். எல்லோருக்கும் உயிர்காப்பு உடை. ஏறியதும் குனிந்து மூட்டுகளை விரலால் தடவிப் பாருங்கள். எங்கள் மகள் முன்முனைவரை தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா, காஞ்சே இருக்கு" என்று கையை விரித்துக் காட்டினாள்.