பெயர் தெரியாத ஓக் மரம்: இலையில் தொடங்கி மொட்டில் முடியுங்கள்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் வீட்டுக் கொல்லையிலோ தெரு ஓரத்திலோ ஒரு பெரிய மரம் நின்றால், அது ஓக்காக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நியூ ஜெர்சி 1950இல் மாநில மரமாகத் தேர்ந்தெடுத்ததே ரெட் ஓக்கைத்தான். ஓக் என்று சொல்லிவிடுவது சுலபம். எந்த ஓக் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பெயர் வரும், செல்பேசிச் செயலி மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். எல்லோரும் இலையை மட்டும் பார்ப்பதுதான் காரணம். ஓக்குகளில் சிவப்பு, வெள்ளை என்று இரு குழுக்கள் உண்டு; மரம் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பதை இலை தெளிவாகக் காட்டும். அதற்கு மேல் அதை நம்பிப் பயனில்லை. சிவப்புக் குழுவின் ரெட், பிளாக், ஸ்கார்லெட், பின் ஆகிய நான்கு ஓக்குகளையும் இலையை வைத்துப் பிரிக்கப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். மொட்டைப் பார்த்தால் நான்கும் தனித்தனியாக நிற்கும்.

எப்போது, எதோடு போவது

செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடிய உள்ள நாட்கள் மிகவும் தோதானவை. இலை, கொட்டை, அடுத்த ஆண்டுக்கான மொட்டு மூன்றும் ஒரே சமயத்தில் கிடைக்கும். மே மாதம் வேண்டாம். புதிதாக விரிந்த இலையில் எல்லா இனத்திலும் மெல்லிய ரோமம் இருக்கும், மொட்டும் இருக்காது. குளிர்காலத்தில் இலை இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை, மொட்டு ஏப்ரல் வரை அப்படியே இருக்கும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ், மில்லிமீட்டர் கோடு போட்ட அளவுகோல், ஒரு சிறிய கத்தி, எட்டாத கிளையைப் பார்க்க பைனாகுலர். இவ்வளவு போதும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், அந்தப் பக்கத்துச் சருகுகளில் உண்ணி அதிகம். தண்டில் ரோமம் அடர்ந்த கொடி ஏறியிருந்தால் அந்தப் பக்கம் பட்டையைத் தொடாதீர்கள். அது பாய்சன் ஐவி. இலை உதிர்ந்த குளிர்காலத்திலும் அதன் எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளம் வரும்.

முதலில், ஓக்தானா?

ஒரு சிறு கிளையின் நுனியைப் பாருங்கள். நுனியில் ஒற்றை மொட்டு இல்லாமல் மூன்று, நான்கு, ஐந்து மொட்டுகள் நெருக்கியடித்துக் கொத்தாக இருந்தால் பெரும்பாலும் ஓக். கீழே வரும் மொட்டுகள் மாறி மாறி அமைந்திருக்க வேண்டும். இரண்டிரண்டாக எதிரெதிரே இருந்தால் அது மேப்பிளாகவோ ஆஷ்ஷாகவோ இருக்கலாம், ஓக் இல்லை. சந்தேகம் தீராவிட்டால் குச்சியைக் குறுக்காக ஒரே வெட்டில் நறுக்கி லென்ஸில் பாருங்கள். ஓக்கின் மையத்தில் இருக்கும் மென்மையான பகுதி ஐந்து முனை நட்சத்திரமாகத் தெரியும்.

காய்ந்த பழுப்பு இலை குளிர்காலம் முழுக்கக் கிளையில் ஒட்டிக்கொண்டிருப்பதை மட்டும் வைத்து ஓக் என்று முடிவு கட்ட வேண்டாம். பீச் மரமும் அப்படித்தான் இருக்கும். பீச்சின் மொட்டு 2 சென்டிமீட்டர் வரை நீண்டு ஒல்லியாகக் கூராக இருக்கும், கொத்தாக வராது.

சிவப்புக் குழுவா, வெள்ளைக் குழுவா?

இலையின் மடல், அதாவது விளிம்பில் விரல்போல் நீண்டிருக்கும் பகுதி, அதன் நுனியைப் பாருங்கள். நரம்பு இலை விளிம்பைத் தாண்டி மெல்லிய முள்மயிராக வெளியே நீண்டிருந்தால் சிவப்புக் குழு. மடல் வழவழப்பாக உருண்டு முடிந்தால் வெள்ளைக் குழு. தரையில் கிடக்கும் பழைய இலைகளில் அந்த முள்மயிர் ஒடிந்து போயிருக்கும் என்பதால் ஒன்றைப் பார்த்து முடிவு செய்யாமல் பத்து இலையாவது பாருங்கள். வில்லோ ஓக்கிலும் ஷிங்கிள் ஓக்கிலும் இலைக்கு மடலே கிடையாது, நீள்வட்டமாக இருக்கும். ஆனாலும் இலையின் உச்சியில் ஒரே ஒரு முள்மயிர் உண்டு, ஆகவே அவையும் சிவப்புக் குழுதான்.

கொட்டையில் இன்னும் உறுதியான அடையாளம் இருக்கிறது. வெள்ளைக் குழுவில் கொட்டை அதே ஆண்டு முற்றும். சிவப்புக் குழுவில் இரண்டாவது ஆண்டில்தான் முற்றும். அதனால் ஆகஸ்டில் சிவப்புக் குழு மரத்தின் கிளையைப் பிடித்துப் பார்த்தால், இந்த ஆண்டு வளர்ந்த பச்சைக் குச்சியில் சில மில்லிமீட்டரே உள்ள பிஞ்சுகளும், அதற்குப் பின்னால் போன ஆண்டின் பழுப்புக் குச்சியில் பருத்த கொட்டைகளும் இருக்கும். விழுந்த கொட்டை கிடைத்தால் உடைத்து ஓட்டின் உட்புறத்தைத் தடவுங்கள். சிவப்புக் குழு என்றால் பஞ்சு போன்ற ரோமம் விரலில் படும், வெள்ளை என்றால் வழுவழுப்பாக இருக்கும்.

எந்த இலையைப் பறிப்பது

கைக்கு எட்டும் அடிக்கிளை இலையைத்தான் எல்லோரும் பறிப்பார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன. நிழலில் வளரும் இலை பெரிதாக, மெல்லிதாக, மடல்களுக்கிடையே ஆழமில்லாமல் இருக்கும். வெயில் படும் உச்சி இலை சிறியது, தடிமன், ஆழமாக வெட்டுப்பட்டது. பிளாக் ஓக்கில் இந்த வித்தியாசம் மிகவும் அதிகம். அதன் நிழல் இலையை ரெட் ஓக் என்பார்கள், உச்சி இலையை ஸ்கார்லெட் என்பார்கள். வெட்டிய அடிக்கட்டையிலிருந்து வரும் துளிர்களின் இலையையும், ஆளுயரக் கன்றின் இலையையும் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

காற்றடித்த மறுநாள் போனால் உச்சிக் கிளைகள் இலையோடும் மொட்டோடும் ஒடிந்து கிடக்கும். அதை எடுத்துக்கொள்ளுங்கள். தனி இலையாகப் பொறுக்கினால் அது பக்கத்து மரத்து இலையாகவும் இருக்கலாம்.

வெயில் இலை கிடைத்தபின் மடல்களுக்கு நடுவே உள்ள பள்ளம் நடுநரம்பை நோக்கி எவ்வளவு தூரம் போகிறது என்று அளவுகோலால் பாருங்கள். ரெட் ஓக்கில் பொதுவாகப் பாதி தூரத்தோடு நின்றுவிடும், இலையின் மேற்பரப்பு மங்கலாக இருக்கும். பின் ஓக், ஸ்கார்லெட் ஓக் இரண்டிலும் பாதியைத் தாண்டி உள்ளே போகும். பிளாக் ஓக் இலை மேலே பளபளக்கும், அடியில் நரம்புகள் பிரியும் மூலைகளில் துருநிற ரோமக் கற்றை இருக்கும்.

பட்டை

30 சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள தண்டில் மட்டும் பட்டையைப் படியுங்கள். இளம் ஓக்கின் பட்டை எல்லா இனத்திலும் சாம்பல் நிறமாக, கிட்டத்தட்ட வழவழப்பாகத்தான் இருக்கும். தண்டின் அடியை மட்டும் பார்க்காமல் தலையை நிமிர்த்தி நடுத்தண்டையும் பாருங்கள்.

ரெட் ஓக்கின் நடுத்தண்டில் இருண்ட வெடிப்புகளுக்கு நடுவே தட்டையான, வெளிர் சாம்பல் நிறப் பட்டைகள் நீளவாக்கில் மின்னிக்கொண்டு மேலே ஓடும். பிளாக் ஓக் கிட்டத்தட்டக் கறுப்பு, குறுக்கும் நெடுக்குமாக வெடித்துச் சிறுசிறு கட்டங்களாக இருக்கும். பின் ஓக் வயதான பிறகும் ஆழமாக வெடிப்பதில்லை. ஒயிட் ஓக் வெளிர் சாம்பல் நிறம், நடுத்தண்டுக்கு மேல் பட்டை நீளநீளத் தகடுகளாக ஒரு விளிம்பு தூக்கி நிற்கும். அதில் ஆங்காங்கே திட்டுத் திட்டாக மழமழவென்ற இடங்கள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். வெளிப்பட்டையைத் தின்னும் ஒரு பூஞ்சையின் வேலை அது, மரத்துக்குக் கேடில்லை.

பிளாக் ஓக்கை உறுதி செய்ய உள்பட்டைச் சோதனை உண்டு. வெடிப்பின் அடியில் கத்தி முனையால் ஒரு சென்டிமீட்டருக்கு மிகாமல் சுரண்டினால் உள்ளே ஆரஞ்சு கலந்த மஞ்சள் தெரியும். ரெட், ஸ்கார்லெட், பின் மூன்றிலும் இளஞ்சிவப்பாகவோ செம்பழுப்பாகவோ இருக்கும். இந்த மஞ்சளுக்கு வரலாறே இருக்கிறது. குவெர்சிட்ரான் என்ற துணிச்சாயம் இந்த உள்பட்டையிலிருந்துதான் வந்தது. அமெரிக்க விடுதலைப் போரில் இரட்டை உளவாளியாக இருந்த எட்வர்ட் பான்கிராஃப்ட், அதற்கான தனியுரிமையை 1785இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திடம் வாங்கினார்.

ஆனால் ஏப்ரல் முதல் ஜூலை வரை உயிருள்ள மரத்தைச் சுரண்டாதீர்கள், கிளையும் வெட்டாதீர்கள். புதுக் காயத்தின் வாசனைக்குச் சிறு வண்டுகள் வரும். அவை ஓக் வில்ட் என்ற பூஞ்சை நோயின் வித்துகளைச் சுமந்து வரலாம். நியூயார்க், பென்சில்வேனியா இரண்டிலும் இந்த நோய் உண்டு. சிவப்புக் குழு மரம் என்றால் ஒரே பருவத்தில் பட்டுப்போகும், வெள்ளைக் குழு மெதுவாகத் தேயும். காயம் இல்லாமலே மொட்டு பதில் சொல்லிவிடும்போது சுரண்டுவானேன் என்பதுதான் எங்கள் கட்சி.

மொட்டு

வெயில் படும் கிளையின் நுனிக் கொத்தில் நடுவே இருக்கும் பெரிய மொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றைக் கவனிக்க வேண்டும்: நீளம், ரோமம், குறுக்கு வடிவம். விரல்களுக்கு இடையே மொட்டை மெல்ல உருட்டினால் குறுக்கு வடிவம் கைக்கே தெரியும்.

பிளாக் ஓக்: 6 முதல் 12 மில்லிமீட்டர். மொட்டு முழுவதும் சாம்பல் கலந்த மஞ்சள் ரோமம் போர்த்தியிருக்கும். உருட்டினால் விளிம்புகள் தட்டுப்படும், ஐந்து முகங்களாக இருப்பது தெரியும். நான்கில் மிகவும் சுலபம் இதுதான்.

ஸ்கார்லெட் ஓக்: சுமார் 6 மில்லிமீட்டர். கீழ்ப்பாதி செம்பழுப்பாக வெறுமையாக இருக்கும், மேல்பாதியில் மட்டும் வெண்ணிற ரோமம். லென்ஸ் இல்லாமல் பார்த்தால் மொட்டின் நுனி வெளுத்தது போல் தோன்றும்.

ரெட் ஓக்: 5 முதல் 7 மில்லிமீட்டர், கூரானது, பளபளக்கும் செம்பழுப்பு. ரோமம் இல்லை, இருந்தாலும் உச்சியில் சில இழைகள்தான். உருட்டினால் உருண்டையாகவே நழுவும்.

பின் ஓக்: 3 முதல் 5 மில்லிமீட்டர். கூராக, ரோமமில்லாமல், ரெட் ஓக் மொட்டின் சிறிய வடிவமாக இருக்கும். குச்சியும் ஒல்லி.

ரெட்டா பின்னா என்று அளவில் குழம்பினால் கொட்டையைப் பாருங்கள். பின் ஓக் கொட்டை ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய சிறு உருண்டை, மெல்லிய தட்டுப் போன்ற தொப்பி. ரெட் ஓக் கொட்டை அதைப்போல் இரண்டு மடங்கு பெரிது. மரத்தைத் தள்ளி நின்று பார்த்தாலும் பின் ஓக் தெரிந்துவிடும், அடிக்கிளைகள் தரையை நோக்கித் தாழும், நடுக்கிளைகள் கிடையாக நிற்கும், மேல்கிளைகள் ஏறும். கோடையில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து மற்ற இடம் மஞ்சளாகும் தெருமரம் பெரும்பாலும் பின் ஓக்தான். காரத்தன்மையுள்ள மண்ணில் அதற்கு இரும்புச் சத்து எட்டாது. ஸ்கார்லெட்டுக்குக் கொட்டையின் நுனியைச் சுற்றி வட்டவட்டமாகக் கீறல் இருப்பது நல்ல அடையாளம். அது வறண்ட மணல்மேட்டு மரம், பின் ஓக் ஈரக்களிமண் மரம்.

வெள்ளைக் குழுவில்

இங்கே வேலை குறைவு. ஒயிட் ஓக்கின் மொட்டு 3 மில்லிமீட்டர், மழுங்கலானது, ரோமமில்லாதது. இலைக்கு 7 முதல் 9 உருண்ட மடல்கள், அடிப்புறம் வெளிறியிருக்கும். சுவாம்ப் ஒயிட் ஓக்கின் மொட்டும் ஏறக்குறைய அதேதான். ஆனால் இலையின் அடிப்பக்கம் தொட்டால் வெல்வெட்டாக இருக்கும், இளங்கிளைகளில் பட்டை காகிதம் போலச் சுருண்டு உரியும், கொட்டை பல சென்டிமீட்டர் நீளக் காம்பில் தொங்கும். பர் ஓக்கின் கொட்டைத் தொப்பியைச் சுற்றிக் குஞ்சம் உண்டு. அதன் குச்சிகளில் தக்கை வரம்புகளும் தோன்றும். செஸ்ட்நட் ஓக் மட்டும் விதிவிலக்கு. வெள்ளைக் குழுவாக இருந்தும் மொட்டு 6 மில்லிமீட்டர் நீண்டு கூராக இருக்கும். பட்டை கறுத்து, விரல் நுழையும் ஆழத்துக்குப் பிளந்திருக்கும். பாறை மேடுகளில் தேடுங்கள்.

எதிலும் பொருந்தாவிட்டால்

முதலில், நட்டு வளர்த்த வெளிநாட்டு மரமா என்று பாருங்கள். பூங்காக்களில் இங்கிலீஷ் ஓக் நிறைய உண்டு. இலை ஒயிட் ஓக்கைப் போலிருந்தாலும் காம்பு மிகக் குட்டையாக, அடியில் இரு சிறு காது மடல்களோடு இருக்கும். கொட்டையோ நீண்ட காம்பில் தொங்கும். ஆசியாவிலிருந்து வந்த சாடூத் ஓக் இலைக்கு ரம்பப்பல் விளிம்பு, ஒவ்வொரு பல்லிலும் முள்மயிர்.

அதுவும் இல்லையென்றால் கலப்பினமாக இருக்கலாம். ஒரே குழுவுக்குள் ஓக்குகள் தாராளமாகக் கலக்கும், ரெட்டும் பிளாக்கும் சேர்ந்த மரம் அரிதல்ல. சிவப்புக் குழுவும் வெள்ளைக் குழுவும் தமக்குள் கலப்பதில்லை. ஆகவே ஒரு மரத்தில் இலை ரெட்டாகவும் மொட்டு பாதி ரோமத்தோடும் இருந்து, மூன்று நான்கு கிளைகளில் பார்த்தும் அதே நிலை என்றால், ஒரு பெயரை வலிந்து ஒட்டாமல் ‘சிவப்புக் குழு, ரெட்–பிளாக் கலப்பாக இருக்கலாம்’ என்று குறித்துவைத்துக்கொண்டு, கொட்டை விழும் பருவத்தில் தொப்பியை ஒருமுறை பாருங்கள். பிளாக் ஓக் தொப்பியின் விளிம்புச் செதில்கள் ஒட்டாமல் தூக்கி நிற்கும், ரெட் ஓக்கில் இறுகப் படிந்திருக்கும்.