புகையிலையை மட்டும் விடச் சொல்லாதீர்கள்: தோட்டங்களில் வாய்ப் புற்றுநோய் பேசப் போகிறவர்களுக்கு

இலங்கை மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியா, பண்டாரவளைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் வாய்ப் புற்றுநோய் பற்றிப் பேசப் புதிதாக இறங்கும் குழுக்கள், பழைய ஆட்கள் செய்த அதே பிழைகளைத்தான் செய்கின்றன. மைக் வேலை செய்யாதது, துண்டுப்பிரசுரம் சிங்களத்தில் வந்துவிட்டது போன்றவை தானாகத் திருந்தும். அவற்றை விடுவோம்.

"போயிலையை மட்டும் விட்டுருங்க"

வெற்றிலை, பாக்கு, புகையிலை சேர்த்து மெல்லுகிறவர்களிடம் இப்படிச் சொல்வதுதான் இன்றும் எரிச்சலூட்டும் பிழை. சொன்னவர் வேனில் ஏறிப் போய்விடுவார். கேட்டவரோ புகையிலையின் காரம் போன குறைக்கு இன்னும் இரண்டு துண்டுப் பாக்கை அதக்கிக்கொண்டு மலைக்கு ஏறுவார். குளிருக்கும் பசிக்கும் வாயில் ஏதாவது வேண்டுமே. பிறகு வாய் எரிந்தாலும், "நான்தான் போயிலை போடுறதில்லையே" என்ற தைரியத்தில் டிஸ்பென்சரிப் பக்கமே வரமாட்டார்.

இந்த அறிவுரைக்கு ஒரு காலத்தில் ஆதாரம் இருந்தது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985 இல் புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டைத்தான் புற்றுநோய்க் காரணி என்றது. புகையிலை சேராததற்குச் சான்று போதவில்லை என்று விட்டுவிட்டது. 2004 இல் வெளிவந்த மதிப்பீட்டில் பாக்கே புற்றுநோய்க் காரணி என்று திருத்தியது. பேசுகிறவர்களில் பலர் இன்னும் 1985 இலேயே நிற்கிறார்கள்.

பாக்கிலுள்ள அரெகோலின் கன்னத்து உள்தோலுக்கு அடியில் நார்த்திசுவைத் தடிக்க வைக்கிறது. முதலில் குழம்பின் உறைப்புத் தாங்காது. பிறகு கன்னம் வெளிறி விறைக்கும், வாய் சுருங்கும். சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் சேர்த்து, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே நெடுக்காக வைக்கச் சொல்லுங்கள். நுழையாவிட்டால் அன்றே பெயரை எழுதுங்கள். பாக்கை விட்டாலும் அந்த விறைப்பு முழுதாக இளகாது; புற்றாக மாறுகிறதா என்று தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே சொல்ல வேண்டியது: பாக்கு, புகையிலை இரண்டும் வேண்டாம். பீடா, மாவாவும் இதில் சேர்த்தி.

கோரமான படங்கள்

கன்னம் ஓட்டை விழுந்த படத்தைக் காட்டினால், சின்ன வெள்ளைத் திட்டு உள்ளவர் "எனக்கு அப்படி இல்லையே" என்று நிம்மதியாகப் போய்விடுவார். ஆரம்பத்தில் வலியே இருக்காது. துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிட ஆபத்தான சிவப்புத் திட்டு, இரண்டு கிழமை தாண்டியும் ஆறாத புண் ஆகிய மூன்றின் படமும் போதும்.

கொப்பளிக்காமல் பார்ப்பது

வெற்றிலைக் கறை திட்டை மறைத்துவிடும். தண்ணீர் கொடுங்கள், பல்செட் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள், டார்ச் அடியுங்கள். இரு கன்னங்கள், உதட்டின் உட்புறம், நாக்கின் ஓரங்கள், நாக்கின் அடி என்று வரிசையாகப் பாருங்கள். எந்தப் பக்கம் அதக்குவார் என்று கேட்டு, அந்தக் கன்னத்தை இரண்டாம் தடவையும் பாருங்கள்.

சம்பள நாளில் கூட்டம்

வேண்டாம்.

வைத்தியசாலைக்குத் துண்டு எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்புவது

ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை தாண்டிப் பேராதனை பல் வைத்தியசாலைக்குப் போய்வந்தால் ஒரு நாள் பேர் (அன்றைய சம்பளம்) போய்விடும், பஸ் காசும் போகும். துண்டு சாமிப் படத்துக்குப் பின்னால் செருகப்பட்டுக் கிடக்கும். திட்டு உள்ளவர்களை ஒரே நாளில் சேர்த்து அனுப்புங்கள்; அந்த நாளைத் தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். அடுத்த கிழமை காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய், யார் போகவில்லை என்று பெயர் பெயராகக் கேளுங்கள்.