மொட்டு விரியும் வேகத்தில் மனத்தைப் பழக்குதல்

குளிர் விலகத் தொடங்கும் நாட்களில் இலையற்ற கிளை ஒன்றை அருகில் சென்று பாருங்கள். அதன் நுனியில் தடித்து நிற்கும் மொட்டு அந்த வாரத்தில் தோன்றியதன்று. மிதவெப்ப நாடுகளின் மரங்களில் பெரும்பாலானவை முந்தைய கோடையிலேயே மொட்டுகளை உருவாக்கி, செதில்களுக்குள் பொதிந்து, குளிர்காலம் முழுவதும் உறங்க வைக்கின்றன. போதிய குளிரைக் கடந்த பின்னரே அவை வெப்பத்துக்கு இணங்குகின்றன. ஆகவே இளவேனிலின் தொடக்கத்தில் தன்னை வளர்த்துக்கொள்ள விரும்புபவர், கடந்த மாதங்களில் தமக்குள் ஏற்கெனவே திரண்டிருப்பது எது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். அடிக்கடி மனத்தில் எழுந்த ஏக்கம், தள்ளிப்போட்ட மன்னிப்பு, பாதியில் நின்ற பிரார்த்தனை என மூன்றை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு, முதல் வரியில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு தாளை மடித்து வைத்துவிடுங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் தொடங்கும் ஆசை வரும். ஒரு வசந்தத்தின் முதல் வாரத்தில் நான்கு பயிற்சிகளைத் தொடங்கிய நான், பத்தாம் நாளில் நான்கையும் கைவிட்டிருந்தேன்.

எடுத்துக்கொண்ட அந்த ஒன்றுக்காக நாள்தோறும் அமைதியாக அமரும் நேரத்தின் அளவை எப்படி முடிவு செய்வது? பகலைப் பாருங்கள். வடகோளத்தில் மார்ச் 20 அளவிலும், தென்கோளத்தில் செப்டம்பர் 22 அல்லது 23 அளவிலும் வரும் சம இரவு நாளையொட்டித்தான் பகல் மிக விரைவாக நீள்கிறது. அப்போதுகூட, 40 பாகை அகலாங்கில் ஒரு நாளுக்குக் கூடுவது மூன்று நிமிடத்துக்கும் குறைவே. நீங்களும் ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். விடியலில் ஒரே நாற்காலியில், ஒரே சன்னலை நோக்கி, கைகளை மடியில் வைத்து அமருங்கள். மூச்சு உள்ளே வரும்போது மூக்கின் நுனியில் படும் குளிர்ச்சியையும், வெளியேறும்போது அங்கு தங்கும் இளஞ்சூட்டையும் மட்டும் கவனியுங்கள். இறைநம்பிக்கை உள்ளவர் அதனுடன் ஒரு திருநாமத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்; இல்லாதவருக்கு அந்தக் கவனமே போதுமானது. வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

இளவேனில் நேர்கோட்டில் வருவதில்லை. இரண்டு வெதுவெதுப்பான வாரங்களுக்குப் பின் உறைபனி திரும்பி வந்து, அவசரப்பட்டு மலர்ந்த பூக்களைக் கருக்கிவிடுவது தோட்டக்காரர்கள் நன்கறிந்த ஒன்று. பயிற்சியிலும் வறண்ட நாட்கள் திரும்பும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நிகழும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாட்கள் தேவைப்பட்டதாகவும், அது ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டதாகவும் கணக்கிடப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதும் பாதிக்கவில்லை என்பதும் அதில் தெரியவந்தது. எனவே தவறிய நாளுக்கு ஈடாக மறுநாள் இருமடங்கு அமராதீர்கள். வழக்கமான அளவோடு அதே நாற்காலிக்குத் திரும்பினால் போதும்.

இதை ஊரறியச் சொல்லவும் அவசரம் வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டுக்குள் முளைத்த நாற்றை நேரே வெயிலில் நட்டால் இலை வெளுத்துவிடும். முதல் நாள் ஓரிரு மணி நேரம் நிழலில் வைத்து, ஏழு முதல் பத்து நாட்களில் சிறிது சிறிதாகத்தான் அதை வெளிக்காற்றுக்குப் பழக்குவார்கள். உங்கள் மாற்றத்தையும் முதலில் நெருங்கிய ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள்.

வார இறுதியில் ஒரே கேள்வி போதும்: இந்த வாரம் யாரிடமாவது சற்றுப் பொறுமையாகப் பேசினேனா? விடையை ஒரே வரியில் எழுதுங்கள். மதிப்பெண் போட வேண்டாம்.

அமரலாமா வேண்டாமா என்று மனத்துடன் வாதிடாமலேயே கால்கள் அந்த நாற்காலியை நோக்கி நடக்கும் ஒரு காலை வரும். அன்று, மடித்து வைத்த தாளைப் பிரித்து இரண்டாவது வரியைப் படிக்கலாம்.