ஆடிப் பதினெட்டில் நாம் சறுக்கும் இடங்கள்

ஆடி 18 அன்று தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போகும் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. பாதிப் பேர் கையில் புளிசாதத் தூக்கு, மீதிப் பேர் கையில் நல்லெண்ணெய் பாட்டில். போவது சரி, அங்கே போய்ச் செய்வதில்தான் கோட்டை விடுகிறோம்.

"இங்கே ஒரு தூறல்கூட இல்லையே, ஆறு என்ன செய்துவிடும்?" என்று இறங்குவதுதான் பெரிய தவறு. நமக்கு மேலே வானம் வெளுத்துக் கிடக்கும். ஆனால் குடகிலும் வயநாட்டிலும் கொட்டிய மழையில் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிரம்பி, அங்கே திறந்துவிட்ட தண்ணீர் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலு வழியாக நம் காலடிக்கு வந்துகொண்டிருக்கும். அந்த வரவைத்தானே பெருக்கு என்று கும்பிடுகிறோம்? குளிக்கவும் பரிசலுக்கும் தடை என்றால், சாங்கியம் கெட்டுவிடும் என்று ஆளில்லாத துறையைத் தேடிப் போகாதீர்கள். வீட்டிலேயே ஒரு செம்புத் தண்ணீரில் மஞ்சள் கரைத்து, பூப்போட்டுக் கும்பிடலாம். 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியதிலிருந்து தர்மபுரி, கிருஷ்ணகிரியில் பல ஊர்க் குழாய்களில் வருவதே காவிரிதான்.

அப்புறம் அந்த எண்ணெய். எங்கள் மாமா ஒருவர் மசாஜ் முடிந்த கையோடு ஈரப் பாறையில் நடந்தார். இரண்டடி நடந்தார், மூன்றாவது அடி உட்கார்ந்த வாக்கில் போனது. எண்ணெயைத் துடைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

நாளிலும் குழப்பம் உண்டு. ஆடி அமாவாசை திதியைப் பார்த்து வரும், முன்னோருக்குத் தர்ப்பணம் அன்றைக்குத்தான். பெருக்கு தமிழ்த் தேதிப்படி வருவது, ஆகஸ்ட் 2 அல்லது 3. 2024ல் 3ஆம் தேதி பெருக்கு, 4ஆம் தேதி அமாவாசை என்று அடுத்தடுத்து வந்ததில் பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

முளைப்பாரி போடும் வீடுகளில், பயிர் வெளிறி இருக்கிறதே என்று பயந்து ஜன்னலோரம் தூக்கி வைப்பார்கள். வெளிச்சம் படாததால்தான் அந்த இளமஞ்சள் நிறமும் உயரமும். இருட்டறையிலேயே இருக்கட்டும், தண்ணீரைத் தெளித்தால் போதும். ஊற்றினால் இரண்டே நாளில் அழுகல் வாடை. விதைக் கடையில் சிவப்பு மருந்து பூசி விற்கும் விதை வேண்டாம், மளிகைக் கடைப் பயறு நன்றாகவே முளைக்கும். கரைக்கும்போது பயிர் மட்டும் ஆற்றுக்கு, பிளாஸ்டிக் தட்டு வீட்டுக்கு.

கட்டியிருந்த பழந்துணியை ஆற்றில் விட்டால் பீடை போகும் என்கிறார்கள். போவதாகத் தெரியவில்லை. கொஞ்சம் தள்ளிப் பாறை இடுக்கில் சிக்கி, அடுத்து முழுகுபவரின் காலைச் சுற்றுகிறது. அன்று தங்கம் வாங்கியே ஆகவேண்டும் என்பது கடைக்காரர் சாஸ்திரம். நம் தாத்தாக்கள் ஆடிப்பட்டத்துக்கு வாங்கியது விதைக்கடலை.

படையலுக்கு வெல்லம் சேர்த்துச் செய்யும் காப்பரிசிக்கு அரிசி அரை மணி நேரம் ஊறினால் போதும். வெல்லத்தை ஆற்றங்கரையில் கலந்துகொள்ளுங்கள். வீட்டிலேயே கலந்தால் பென்னாகரம் தாண்டுவதற்குள் நீர்விட்டு, தூக்கு ஒழுகி, பக்கத்து சீட்டுக்காரர் வேட்டிதான் முதல் படையல் வாங்கும்.