இங்கிலாந்தின் கிராமத் தேவாலயங்களையும் பாழடைந்த மடங்களையும் பார்ப்பதற்கு ஒரு வழிகாட்டி

வேலூரிலிருந்து செவிலியராகவும் மருத்துவராகவும் இங்கிலாந்துக்குப் போன பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோர், பெரும்பாலும் லண்டனைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் ஒரு நாளையேனும் ஊர்ப்புறத்துக்கு ஒதுக்க வேண்டும்.

மடங்களில் முதலில் பார்க்க வேண்டியது, யார்க்‌ஷயரில் ரிப்பன் நகருக்கு அருகிலுள்ள ஃபவுண்டன்ஸ் மடம். 1132இல் தொடங்கி, ஆட்டு ரோம வணிகத்தால் செழித்த இம்மடம், எட்டாம் ஹென்றி நாடெங்கும் மடங்களைக் கலைத்தபோது 1539இல் மூடப்பட்டது. கூரையின் ஈயத்தகடுகளைப் பெயர்த்து எடுத்துவிட்டதால் மழை உள்ளே இறங்கியது. ஆகவேதான் சுவர்கள் ஓங்கி நிற்க, மேலே வானம் தெரிகிறது. இத்தகைய இடத்தில் கண்டபடி சுற்றினால் எல்லாம் வெறும் கல்லாகவே தோன்றும். முதலில் தேவாலயப் பகுதிக்குள் சென்று, பலிபீடம் இருந்த கிழக்குத் திசையை நோக்கி நில்லுங்கள். வலப்புறம், அதாவது தெற்கே, சதுர முற்றம் இருக்கும்; அதன் கிழக்கில் துறவிகள் கூடிய மன்றம், தெற்கில் உணவுக்கூடம், மேற்கில் ஏறத்தாழ 90 மீட்டர் நீளமுள்ள வளைவுக் கூரை மண்டபம். மேற்கூரையோடு முழுமையாக எஞ்சியிருக்கும் இந்த மண்டபத்தில்தான், என் கருத்தில், அதிக நேரம் செலவிட வேண்டும்.

கிராமத் தேவாலயங்கள் பல பகலில் திறந்தே இருக்கின்றன. கதவு அசையாவிட்டால் பூட்டியிருக்கிறது என்று உடனே திரும்பிவிட வேண்டாம்: கனத்த இரும்பு வளையத்தைத் திருகினால் உட்புறத் தாழ் உயரும், பிறகு தோளால் தள்ளலாம். உண்மையிலேயே பூட்டியிருந்தால், சாவி யாரிடம் என்று முகப்பு மண்டபப் பலகையில் எழுதியிருக்கும் வாய்ப்புண்டு. பறவைகள் நுழையாதபடி வெளிக் கம்பிவலைக் கதவை மறவாமல் சாத்துங்கள். செருப்பைக் கழற்றும் வழக்கம் அங்கில்லை, ஆனால் சேற்றைத் துடைத்துவிட்டுச் செல்வது மரியாதை.

சிற்பம் விரும்புவோர் ஹெரிஃபோர்ட்ஷயரின் கில்பெக் சிற்றாலயத்துக்குப் போகலாம். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் செங்கல் நிற மணற்கல் வாயிலில் பாம்புகளும் கொடிகளும் பின்னிக் கிடக்கின்றன. இறவாரத்தின் கீழ் ஒரு நாயும் முயலும் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன.

வேலூர் வெயிலுக்குத் தப்பி மே மாதம் போகிறவர்களும் ஸ்வெட்டர் எடுத்துச் செல்ல வேண்டும், கற்சுவருக்குள் குளிர் அதிகம். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அன்று கிராமப் பேருந்துகளும் குறைவு என்பதால், திரும்பும் பேருந்தின் நேரத்தை முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.