கேபர்னே கலவை ஒயின்: முதல் மடக்கிலேயே தீர்ப்பு எழுதாதீர்கள்

கேபர்னே சாவிஞான் என்ற திராட்சை வகை தூக்கலாக உள்ள சிவப்பு ஒயினை முதன்முதலில் குடிப்பவர்கள் பலரும் முகத்தைச் சுளித்துச் சொல்வது: "ஒரே கசப்பு." பெரும்பாலும் அது கசப்பே இல்லை, துவர்ப்பு. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்த மொழியைப் பேசும் நாமே இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் வேடிக்கை. கசப்பு நாக்கில் தெரியும். துவர்ப்போ ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் இழுத்துப் பிடிக்கும். ஒரு மடக்கு விழுங்கியதும் நாக்கால் மேல் ஈறைத் தடவிப் பாருங்கள். வழுக்காமல் சொரசொரவென்று இருந்தால் அது டானின் என்ற துவர்ப்புப் பொருளின் வேலை. கேபர்னே பழம் சிறியது, தோல் தடிமன். தோலிலும் விதையிலும் இருந்து இறங்கும் டானின் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. கூடவே இறைச்சியோ பாலாடைக்கட்டியோ இருந்தால் அதே ஒயின் சாதுவாகிவிடும். வெறும் வாயில் குடித்துவிட்டு ஒயினைத் திட்டுவது நியாயமில்லை.

'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்பதை அப்படியே நம்புவது அடுத்த தவறு. அது குளிர்ந்த பழைய ஐரோப்பிய வீடுகளை வைத்துச் சொன்னது. இந்த ஒயினுக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் சரி. அதற்கு மேல் சூடேற ஏற ஆல்கஹால் நெடி மூக்கில் ஏறி, பழ வாசனை அமுங்கிப்போகும். ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள். மறந்து விட்டுவிட்டால் துவர்ப்பு இன்னும் முரடாகும்.

நான் ஒருமுறை திறந்த கையோடு ஊற்றிக் குடித்துவிட்டு, 'மரப்பட்டை ஊறிய தண்ணீர்' என்று பாதியை மூடி வைத்தேன். மறுநாள் மாலை அதே பாட்டிலில் பிளாக்கரன்ட் பழம், தேவதாரு, அப்போதுதான் சீவிய பென்சில் என்று வாசனைகள் ஒவ்வொன்றாக வந்தன. இளம் ஒயினை ஒரு மணி நேரமாவது டிகேன்டர் என்ற அகன்ற கண்ணாடிக் குடுவையில் காற்றாட விடுங்கள். பல ஆண்டு பழையதற்கு இது பொருந்தாது. அதன் மென்மையான வாசனை காற்றில் சீக்கிரம் கலைந்துவிடும். முந்தைய நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து, வண்டல் அடியில் தங்கியதும் மெல்லச் சாய்த்து ஊற்றினால் போதும்.

பல திராட்சை வகைகளைச் சேர்த்த கலவை என்றால் மட்டம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. பிரான்சில் போர்தோவின் மெதோக் பகுதியில் புகழ்பெற்ற ஒயின்கள் கிட்டத்தட்ட எல்லாமே கலவைதான். கேபர்னே தாமதமாகப் பழுக்கும், மெர்லோ என்ற இன்னொரு திராட்சை வகை முந்திக்கொள்ளும். ஒன்று மழையில் மாட்டினாலும் இன்னொன்று கைகொடுக்கும். ருசியிலும் அப்படித்தான்: கேபர்னே தொடக்கத்திலும் முடிவிலும் பலமாக நிற்கும், நடுவில் சற்று இளைக்கும். அந்த இடத்தை மெர்லோ சதைப்பற்றோடு நிரப்பும். கேபர்னே ஃபிரான் என்ற வகை மணம் சேர்க்கும், பெட்டி வெர்டோ என்ற வகை ஒரு கை அளவு சேர்ந்தாலே நிறத்தைக் கூட்டும். சொல்லப்போனால் கேபர்னே சாவிஞானே ஒரு கலப்புப் பிள்ளை. கேபர்னே ஃபிரானும் சாவிஞான் பிளாங் என்ற வெள்ளைத் திராட்சையும் அதன் பெற்றோர் என்று 1997இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

கோப்பையில் குடைமிளகாய் வாசனை வந்தால் கெட்டுப்போனது என்று ஒதுக்காதீர்கள். பைரசின் என்ற வேதிப்பொருள் தரும் வாசனை அது, இந்தத் திராட்சைக் குடும்பத்தின் அடையாளம். பழம் முழுதாகப் பழுக்காத ஆண்டில் தூக்கலாக இருக்கும், அவ்வளவுதான். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் கதையே வேறு. அது தக்கையில் வந்த பழுது, எத்தனை மணி நேரம் காற்றாட வைத்தாலும் போகாது. அந்த பாட்டிலை வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துக் கேளுங்கள்.